வாசிக்கச் சொல்லாமல் திறந்த கிதார்

இந்த மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

வருகிற திங்கட்கிழமை முதல் நான் கடைக்கு வரமாட்டேன். பி.ஏ. முதலாண்டில் பழுதுச் சீட்டு எழுதும் வேலைக்காக இங்கே வந்தேன். அதன் பிறகு ஆறு ஆண்டுகள் இருந்து, வீணைக்கு மெட்டு வைக்கவும் கிதாரின் கழுத்தை நிமிர்த்தவும் பழகிக்கொண்டேன். இப்போது தமிழ் கற்பிக்கும் வேலை கிடைத்து வெளியூர் போகிறேன். ஓய்வு பெறும் வயது எனக்கு ஆகவில்லை. என்றாலும் இந்தத் தொழிலிலிருந்து நான் பெறுவது ஓய்வுதான். போவதற்கு முன் உங்களுக்கு ஏதாவது எழுதிவைக்கும்படி அண்ணாச்சி, அதாவது நம் கடைக்காரர், சொன்னார்.

மெழுகு காய்ச்சும் பதத்தையும் கம்பியின் கனம் பார்க்கும் விதத்தையும் அவரே கையால் காட்டித் தருவார். அவற்றை நான் எழுதினால் பிழையாகத்தான் இருக்கும். ஒரே ஒரு கிதாரைப் பற்றி எழுதுகிறேன். அந்த வாரத்தில் நடந்தவற்றில் சிலவற்றுக்கு இன்றுவரை எனக்குத் தெளிவான விளக்கம் இல்லை. தெளிவில்லாத ஒன்றைப் பிறருக்கு எழுதிவைப்பது முறையா என்று இரண்டு நாள் யோசித்தேன். தெளிவானவற்றை நீங்களாகவே கண்டுகொள்வீர்கள் என்பதால் இதையே எழுதத் துணிந்தேன்.

நான் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, அண்ணாச்சி குடும்பத்தோடு திருப்பதிக்கு முடி இறக்கப் போன வாரம் அது. கடையில் நானும் பேச்சியக்காவும்தான் இருந்தோம். ஆர்மோனியத் துருத்திகளுக்குத் தோல் ஒட்டும் பேச்சியக்காவை நீங்கள் இதற்குள் அறிந்திருப்பீர்கள். அவருடைய வாயையும் அறிந்திருப்பீர்கள். “செத்த நேரம்கூட யாரும் இல்லாத கடையா இருக்கக் கூடாது, நீ காலேஜ் விட்டதும் வந்துரு” என்று அண்ணாச்சி என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவசரமாக எது வந்தாலும் செய்துகொடுக்கலாம் என்றும் அனுமதி தந்திருந்தார். அதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய மாதம் ஒரு பாட்டு டீச்சரின் வீணையில் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத ஓர் அதிர்வை நான் கண்டுபிடித்து, மிளகளவு மெழுகு வைத்து அடக்கியிருந்தேன். டீச்சர் என்னை எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார். அன்று முதல் மெழுகின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை வந்துவிட்டது.

திங்கட்கிழமை பிற்பகல், மில் காவலரின் காக்கிச் சட்டையோடு ஒருவர் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. தளவாய்புரத்துக்காரர். பட்டாளத்தில் வாத்தியக் குழுவில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் ஊரில் எல்லாருக்கும் அவர் ஹவில்தார். கோணிப்பைக்குள் போர்வை சுற்றி, போர்வைக்குள் ஒரு கிதாரைக் கொண்டுவந்திருந்தார். ஷில்லாங்கில் இருந்தபோது, ஊருக்குத் திரும்பிய நண்பர் ஒருவரிடம் வாங்கியதாம்.

அப்படி ஒரு கிதாரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உடல் மரம்தான். ஆனால் வழக்கமாக வாய் திறந்திருக்கும் இடத்தில், சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு, துளைகள் போட்ட நிக்கல் மூடி ஒன்று ஒன்பது திருகாணிகளால் இறுக்கப்பட்டிருந்தது. கம்பிகள் அந்த மூடியின் நடுவிலிருந்த பிளவு வழியாக உள்ளே எதன் மேலோ அழுந்தி நின்றன.

“மூணாவது கம்பில ஒரு இரைச்சல் வருது தாயி” என்றார் ஹவில்தார். “வெள்ளிக்கிழம காலைல இது எனக்கு வேணும். அன்னைக்கு இல்லன்னா பொறவு எனக்கு வேண்டாம்.”

வெள்ளிக்கிழமை என்ன என்று பேச்சியக்கா கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள ஓர் இன்னிசைக் குழுவில் கிதார் வாசித்தவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆள் பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஹவில்தாரை வாசிக்கச் சொல்லிக் கேட்பதாகக் குழுத் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை சாத்தூரிலிருந்து இன்னொருவர் வருகிறார். பட்டாளத்திலிருந்து வந்தபின் ஒன்பது வருடமாக மில் கேட்டில் உட்கார்ந்திருப்பதாகவும், இந்த ஒன்பது வருடத்தில் வாசிக்கிறாயா என்று யாரும் கேட்டது இதுவே முதல் முறை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த வீணையைப் பார்த்தபடி சொன்னார்.

நம் கடையின் முதல் விதியை உங்களுக்கும் அண்ணாச்சி சொல்லியிருப்பார். கருவியைக் கொண்டுவந்தவரை முதலில் வாசிக்கச் சொல்ல வேண்டும். கேட்ட பிறகே திருப்புளியைத் தொட வேண்டும். எனக்கும் அது தெரியும். ஆனால் அதுவரை நான் யாரையும் வாசிக்கச் சொன்னதில்லை, அண்ணாச்சிதான் சொல்வார். முன்பின் அறியாத ஓர் ஆணிடம், கடைத்தெரு பார்க்க, ‘வாசித்துக் காட்டுங்கள்’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவரும் இரண்டு பெண்கள் முன்னால் உட்கார்ந்து வாசிக்க விரும்பியவராகத் தெரியவில்லை. ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது, புதன்கிழமை வாரேன் என்று புறப்பட்டுவிட்டார். சீட்டில் ‘மூன்றாம் கம்பி, இரைச்சல்’ என்று மட்டும் எழுதினேன். என் கையெழுத்து மிக அழகாக இருந்தது.

கிதாரை மேசையில் வைத்து மூன்றாம் கம்பியைத் தட்டினேன். இரைச்சல் இல்லை. மெல்லத் தட்டினேன், பலமாகத் தட்டினேன், மற்ற ஐந்து கம்பிகளையும் தட்டினேன். எதிலும் இல்லை. இல்லாத பழுதை எப்படித் தேடுவது? பேச்சியக்காவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். “அந்த மனுசன் காதுக்குள்ள வண்டு கிண்டு போயிருக்கும், நீ போய் அவர் காத ரிப்பேரு பாரு” என்றார்.

சிரித்தேன். ஆனால் உள்ளே குழப்பம். வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டுமே என்ற பதற்றமும் சேர்ந்துகொண்டது. காதுக்குக் கிடைக்காததைக் கண்ணால் கண்டுபிடிக்க முயன்றேன். கண்ணுக்கு இரண்டு பழுதுகள் உடனே கிடைத்தன.

முதலாவது, கம்பிகளின் உயரம். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் மெட்டுகளுக்கு மேலே பென்சில் நுழையும் இடைவெளி இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன், வலித்தது. இவ்வளவு அழுத்தினால் கம்பி வளைந்து பக்கத்து மெட்டில் உரசாதா? உரசினால் இரைச்சல் வராதா? காரணமும் விளைவும் எனக்கு அழகாகப் பொருந்தின. கழுத்தின் தலைப்பில் கம்பிகளைத் தாங்கும் எலும்புத் துண்டின் மேல் யாரோ ஓர் இரும்புத் தொப்பியைச் செருகி உயரத்தைக் கூட்டியிருந்தார்கள். யாரோ ஒரு கைதேராத தச்சன் செய்த ஒட்டு வேலை என்று முடிவுசெய்து அதைக் கழற்றினேன். கழற்றிய எதையும் எறியக் கூடாது என்பது நம் கடையின் இன்னொரு வழக்கம். ஆகவே அதை உறையில் போட்டுச் சீட்டோடு கட்டிவைத்தேன். அந்த ஒரு வழக்கத்தையாவது கடைப்பிடித்தேன்.

இரண்டாவது பழுது மூடிக்குள் இருந்தது. கம்பிகளைத் தளர்த்தி, ஒன்பது திருகாணிகளையும் எடுத்து மூடியைத் தூக்கினேன். உள்ளே காகிதம் போன்ற மெல்லிய அலுமினியத்தில் கவிழ்த்த கூம்பு ஒன்று. அதன் உச்சியில் வட்ட மரவில்லை. வில்லையின் மேல் கம்பிகள் ஏறி நிற்கும் சிறு குதிரை. கம்பியின் அதிர்வு குதிரை வழியாகக் கூம்புக்கு இறங்குகிறது, கூம்புதான் பேசுகிறது என்பதுவரை எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தக் கூம்பு எதோடும் ஒட்டியிருக்கவில்லை. மரத்தில் வெட்டிய ஒரு விளிம்பின் மேல், பானை மேல் மூடி போல, சும்மா உட்கார்ந்திருந்தது. விரலால் தொட்டதும் நகர்ந்தது.

நம் கடைக்கு வருகிற கருவிகளை நினைத்துப் பாருங்கள். வீணையின் மெட்டு மெழுகில் நிற்கிறது. ஆர்மோனியத்தின் தோல் வஜ்ஜிரப் பசையில் நிற்கிறது. இங்கே சும்மா கிடப்பது எதுவோ அதுவே பழுது. “ஒட்டாம கெடக்குன்னா, ஒட்டுன்னுதானட்டி கெடக்கு” என்று பேச்சியக்காவும் சொன்னார். மெழுகைக் காய்ச்சி, கூம்பின் விளிம்பைச் சுற்றி ஒரே சீராக, ஒரு துளி சிந்தாமல் வார்த்தேன். பின்பு உயரத்தை இன்னும் குறைக்க வேண்டும் என்று குதிரையின் தலையை அரத்தால் ராவினேன். எவ்வளவு ராவினேன் என்று குறித்துவைக்கவில்லை.

கம்பி ஏற்றித் தட்டியபோது ஒலி மென்மையாக, அடக்கமாக வந்தது. “இப்பத்தாம்ட்டி நம்ம வீணை மாதிரி இருக்கு” என்றார் பேச்சியக்கா. செவ்வாய்க்கிழமை முழுவதும் நான் மகிழ்ச்சியாகவே இருந்தேன்.

புதன்கிழமை மாலை ஹவில்தார் வந்தார். பேச்சியக்கா தாமாகவே அவரிடம், “வாசிச்சுப் பாருங்க அண்ணாச்சி, கேப்போம்” என்று முக்காலியை நகர்த்தினார். அவர் உட்கார்ந்தார். கிதாரை மார்போடு அணைத்துப் பிடிக்கவில்லை. மடியில் பலகையைப் போல மல்லாக்கக் கிடத்தினார். வலது கை விரல்களில் பித்தளை நகங்களை மாட்டினார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஓர் இரும்புத் துண்டை எடுத்தார். மில்லில் நூல் சுற்றித் தேய்ந்து கழித்துப் போட்ட இரும்புக் கதிரிலிருந்து அறுத்த, சுண்டுவிரல் நீளத் துண்டு. அதை இடது கையில் பிடித்துக் கம்பிகளின் மேல் வைத்து இழுத்தார்.

‘டக்’ என்று இரும்பு மெட்டில் மோதியது. அடுத்த மெட்டிலும் மோதியது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தக் கிதாரை விரலால் அழுத்தி வாசிப்பதே இல்லை. இரும்பைக் கம்பியின் மேல் வழுக்கி வாசிக்கிறார்கள். இரும்பு மெட்டைத் தொடாமல் போவதற்காகத்தான் அந்த உயரம்; அதற்காகத்தான் அந்த இரும்புத் தொப்பி. பழுது என்று நான் நீக்கியது அவர் வாசிப்பதற்கான வழியையே.

அவர் இரும்பை மேலே தூக்கியபடி, மெதுவாக, மோதாமல் இழுத்துப் பார்த்தார். நின்றார். மூடியின் மேல் காதை வைத்தார்.

“தலகாணிக்குள்ள வச்சு வாசிக்க மாதிரி இருக்கே, தாயி” என்றார்.

கோபத்தோடு சொல்லியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல எளிதாக இருந்திருக்கும். அவர் ஏதோ தன் கையில்தான் பிழை என்பது போல, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ஒரு முறை இழுத்தார். அப்போது எங்கள் மூவருக்கும் அது கேட்டது. மூன்றாம் கம்பியில், தகரத்தில் ஈ மாட்டிக்கொண்டது போல ஓர் இரைச்சல். நான் இவ்வளவையும் செய்த பிறகும், முதலில் சொன்ன பழுது அப்படியே இருந்தது.

அந்த நொடியில் எனக்கு எதுவுமே விளங்கவில்லை. நான் தேடியபோது இல்லாதது இப்போது எப்படி வந்தது? வெளியே போய் நின்றுகொள்ளலாம் போலிருந்தது. பேச்சியக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏட்டி, வாயத் தொறந்து கேளு. அவர் என்ன கடிச்சா திங்கப் போறாரு” என்றார்.

“ஐயா, இன்னொரு தடவை வாசிங்க” என்றேன். அந்தக் கடையில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுவே முதல் தடவை. “இப்ப இரும்பு இல்லாம, சும்மா தட்டுங்க.”

தட்டினார். இரைச்சல் இல்லை. இரும்பை வைத்து இழுக்கச் சொன்னேன். வந்தது. இரும்பைக் கொஞ்சம் திருப்பிப் பிடிக்கச் சொன்னேன். போய்விட்டது. அந்தத் துண்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு பக்கம் விரல் படிவதற்காகத் தட்டையாக ராவியிருந்தது. ஆகவே எப்போதும் ஒரே வாகில்தான் அவர் அதைப் பிடிப்பார். கம்பியைத் தொடும் பக்கத்தில், மூன்றாம் கம்பி வருகிற இடத்தில், கடுகளவு ஒரு நசுங்கல். போன மாதம் மில் கேட்டின் சிமெண்டுத் தரையில் விழுந்தது என்று அவருக்கு நினைவு வந்தது.

எமரித் தாளில் பத்து நிமிடம் தேய்த்தேன். இரைச்சல் போய்விட்டது. திங்கட்கிழமையே அவரை வாசிக்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்தப் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். கிதாரில் பழுது எதுவும் இருக்கவில்லை. இப்போது மூன்று இருந்தன. மூன்றையும் உண்டாக்கியவள் நான்.

அதை அவரிடம் அப்படியே சொன்னேன். எந்தெந்த இடத்தில் என்னென்ன செய்தேன் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். “நாளைக்கு ஒரு நாள் இருக்குல்லா” என்றார். “காலைல ஷிப்ட்டு மாத்திட்டு வாரேன். நானும் கூட இருக்கேன்.”

வியாழக்கிழமை கல்லூரிக்குப் போகவில்லை. இரும்புத் தொப்பி உறைக்குள் பத்திரமாக இருந்தது, அது ஏறிவிட்டது. மெழுகுதான் பயமுறுத்தியது. நெம்பினால் கூம்பு மடங்கிவிடும். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் மெழுகு உருகும், ஆனால் மரத்தின் ஒட்டுகளும் சேர்ந்து விட்டுப்போகும். மண்ணெண்ணெய் வைத்தால் மரத்தில் ஊறும். ஒவ்வொன்றையும் நினைத்து ஒவ்வொன்றையும் விட்டுக்கொண்டிருந்தேன். “மூட்டுக்கு வைக்க மாதிரி ஒத்தடம் வச்சா எளகாதா?” என்றார் பேச்சியக்கா. உப்பு வேண்டாம், அலுமினியத்தை அரிக்கும் என்றேன். தவிட்டை வறுத்துச் சிறு துணி முடிச்சுகளாகக் கட்டித் தந்தார். விளிம்பு நெடுக ஒத்தி ஒத்தி, இளகிய மெழுகை மூங்கில் சீவலால் வழித்தேன். முக்கால் வட்டம் நன்றாக வந்தது. கடைசிக் கால் வட்டத்தில் பொறுமை இழந்தேன். கூம்பு விடுபட்டபோது அதன் விளிம்பில் நகக்கண் அளவு ஒரு மடிப்பு விழுந்திருந்தது.

அதை நீவி விட்டால் சரியாகுமா, விரியுமா? தெரியவில்லை. “தொட்டா நல்லாகுமான்னு தெரியலன்னா தொடாத” என்றார் ஹவில்தார். விட்டுவிட்டேன்.

குதிரைக்குப் புது மரம் வேண்டியிருந்தது. நம்மிடம் இருந்த பலா மரம் மெத்தென்றிருக்கும், ஒலியைத் தின்றுவிடும். பேச்சியக்காவின் கணவர் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்ப்பவர். தறியில் குறுக்கே ஓடி உடைந்துபோன நாடாக்கட்டை ஒன்று அவர்கள் வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது. கல்லைப் போன்ற மரம். அதிலிருந்து அறுத்தேன். பழைய உயரம் எவ்வளவு என்று என்னிடம் அளவு இல்லை. ஆகவே உயரமாகவே செய்து, கம்பி ஏற்றி, அவரை வாசிக்கச் சொன்னேன். “எறக்கு” என்பார். கம்பியைத் தளர்த்தி, ஒரு மயிரிழை ராவி, மறுபடி ஏற்றுவேன். “இன்னும் எறக்கு.” பதினோராவது முறை அவர் எதுவும் சொல்லவில்லை. தொடர்ந்து வாசித்துக்கொண்டே இருந்தார். கடைத்தெருவில் இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்த ஒலி எனக்குப் பிடிபட்டது. வீணையின் சாயலே அதில் இல்லை. வெண்கலப் பாத்திரத்துக்குள்ளிருந்து ஒருவர் பாடுவது போல, கணீரென்று, கொஞ்சம் முரடாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில், என் கல்லூரி இருந்த ஊரிலேயே அவருடைய தேர்வு. முதல் இரண்டு வகுப்புகளை விட்டுவிட்டு நானும் போனேன். தேரடிக்குப் பின் தெருவில் ஒரு சைக்கிள் கடையின் மாடி. டிரம்ஸ், கீபோர்டு, தபலா, பத்துப் பன்னிரண்டு ஆண்கள். நான் கதவோரம் நின்றேன். சஃபாரி உடை அணிந்த குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அரை மணிதான் இருக்கிறது, பிறகு ஒத்திகை இருக்கிறது என்றார்.

ஹவில்தார் கம்பிகளை முறுக்கத் தொடங்கியபோதுதான் கவனித்தேன். எல்லாக் கம்பிகளும் தொளதொளத்திருந்தன. பஸ் குலுக்கலில் அறுந்துவிடக் கூடாதென்று அவரே தளர்த்திக் கொண்டுவந்திருக்கிறார். பட்டாளத்தில் கருவிகளை லாரியில் ஏற்றும்போது அப்படித்தான் செய்வார்களாம். கூம்பு கம்பிகளின் அழுத்தத்தில் மட்டுமே நிற்கிறது, தளர்த்தினால் நகரும் என்பதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. திங்கட்கிழமை கேட்கவில்லை, வியாழக்கிழமை சொல்லவில்லை. முதல் இழுப்பிலேயே கிதார் தகரக் கொட்டகையில் கல் விழுந்தது போல அலறியது.

டிரம்ஸ்காரர் சிரித்துவிட்டார். குழுத் தலைவர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். ஹவில்தார் என்னைப் பார்த்தார்.

நான் அறைக்குள் நடந்து போய், திருப்புளி இருக்கிறதா என்று கேட்டேன். மைக் செட்காரர் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துத் தந்தார். பாயில் உட்கார்ந்து ஒன்பது திருகாணிகளையும் கழற்றினேன். நினைத்தபடியே கூம்பு ஒரு பக்கமாக நகர்ந்து விளிம்பின் மேல் ஏறியிருந்தது. அதை அதன் இடத்தில் உட்காரவைத்தேன். மைக் செட்காரர் குனிந்து பார்த்து, “இது ஒட்டாமல்லா கெடக்கு. நாலு பக்கம் டேப்பு போட்ருங்கம்மா, ஆடாது” என்று டேப் சுருளை நீட்டினார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான்கு நாளுக்கு முன் நானாக இருந்தால் வாங்கியிருப்பேன்.

“வேண்டாம்” என்றேன். “அது சும்மாதான் கெடக்கணும்.”

மூடியைப் பூட்டி, அவர் சுருதி சேர்த்தபின், மூடியில் காதை வைத்துக் கேட்டேன். அலறல் போய்விட்டது. ஆனால் அடியில் மெல்லிய ஒரு ரீங்காரம் இருந்தது. நேற்று அது இருந்ததா? நேற்று நான் கேட்டிராத ஒன்றா? விளிம்பில் விழுந்த அந்த மடிப்பா? மறுபடி திறந்தால் நேரம் போய்விடும். திறக்காவிட்டால், பழுது என்று தெரிந்தே ஒருவரை வாசிக்க அனுப்பியவள் ஆவேன். அறை முழுவதும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஐயா, அடியில ஒண்ணு ரீங்குது. உங்களுக்குக் கேக்குதா?” என்று தணிந்த குரலில் கேட்டேன்.

“கேக்கு.”

“அது பழுதா?”

அவர் இரும்பை வைத்து இன்னொரு முறை இழுத்துக் கேட்டார். “ஷில்லாங்குல வாங்குன அன்னைக்கும் இருந்துச்சின்னுதான் நெனைக்கேன். இல்ல, அன்னைக்கு வேற மாதிரி இருந்துச்சோ என்னமோ. அது கெடக்கட்டும். எனக்கு அது வேணும்.”

எனக்கு அது சரியான விடையாகத் தோன்றவில்லை. இப்போதும் அது கருவியின் குரலா, என் கையின் பிழையா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அது வேண்டுமா வேண்டாமா என்று சொல்லக்கூடியவர் அந்த அறையில் ஒருவர்தான், அவர் சொல்லிவிட்டார். டெஸ்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றேன். நீங்களும் ஒரு நாள் இப்படி நிற்க நேரும். காதுக்குக் கேட்கிற எல்லாவற்றையும் அடக்கிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அப்போது கருவியை விட்டுவிட்டு, அதைக் கொண்டுவந்தவரின் முகத்தைப் பாருங்கள். இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அவர் ஒரு பழைய திரைப்பாட்டின் பல்லவியை எடுத்தார். முதல் வரியில் இரும்பு ஓர் இடத்தில் கொஞ்சம் தவறிப் போனது. பின்பு பிடித்துக்கொண்டார். அனுபல்லவியில் தபலாக்காரர் கேட்காமலே சேர்ந்துகொண்டார். சரணம் முடிந்ததும் ஹவில்தார் இரும்பைத் தூக்கிவிட்டு, கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து ஒலியை நிறுத்தினார்.

குழுத் தலைவர் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றார். பிறகு மைக் செட்காரரைப் பார்த்து, “ஏலே, அந்தத் தூணுப் பக்கம் ஒரு மைக்கப் போடு. தாழ்த்திப் போடு” என்று சொல்லிவிட்டு, கீபோர்டுக்காரரோடு வேறு எதையோ பேசத் தொடங்கிவிட்டார்.

ஹவில்தார் கிதாரை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். பித்தளை நகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கோணிப்பையைத் தேடினார். பிறகு என் பக்கம் சாய்ந்து, “இப்ப என்ன தாயி, இருக்கச் சொல்லுதாவளா, போகச் சொல்லுதாவளா?” என்று கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. அதையே சொன்னேன்.

டிரம்ஸ்காரர் குச்சியால் தூணின் பக்கம் காட்டினார். “அண்ணாச்சி, அந்த மைக்கு ஒங்களுக்குத்தான். நாற்காலிய அங்கிட்டுப் போடுங்க. ஒத்திக ஆரம்பிக்கப் போவுது.”

அவர் கழற்றிய நகங்களை மறுபடி மாட்டிக்கொண்டார். கிதாரை என்னிடம் தந்துவிட்டு, இரண்டு கையாலும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தூணை நோக்கிப் போனார்.